தம் அடிக்கத் தோன்றுகிறதா? அடக்காதீர்கள்… வேடிக்கை பாருங்கள்!

"டாக்டர், காபியில கலந்து குடுக்கிற மாதிரி ஏதாவது பொடி இருக்கா? குடிக்கிறவருக்குத் தெரியக் கூடாது…"

மாதத்துக்கு இரண்டு பேராவது என்னிடம் இப்படிக் கேட்கிறார்கள். கேட்பவர் பெரும்பாலும் மனைவியாக இருப்பார், அல்லது அம்மாவாக இருப்பார். சித்த மருத்துவர் என்றால் மேஜை டிராயரில் அப்படி ஒரு பொடி இருக்கும் என்று ஒரு நம்பிக்கை. இல்லை! விளம்பரத்தைப் பார்த்து நீங்கள் பணம் அனுப்பி வாங்கும் பொடியில் என்ன கலந்திருக்கிறார்கள் என்று பல சமயம் பாக்கெட்டில் எழுதியே இருக்காது. அது தவிர, ஒருவருக்குத் தெரியாமல் அவர் வயிற்றுக்குள் எதையும் அனுப்புவதற்குப் பெயர் வைத்தியம் இல்லை.

சென்ற ஆண்டு இதே கேள்வியோடு ஓர் அம்மாள் வந்தார். கணவருக்கு 47 வயது. ஐதராபாத் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் அதிகாரி. அங்கே தனியாக அறை எடுத்துத் தங்கியிருக்கிறார். மாதம் ஒரு தடவை ஊருக்கு வருவார். நாளுக்குப் பதினைந்து, பதினாறு சிகரெட். அவருடைய அப்பா 52 வயதில் மாரடைப்பில் போனவர்.

"எல்லாம் இருபது வருஷமா தெரிஞ்சதுதானேம்மா. இப்ப என்ன திடீர்னு?" என்றேன்.

அந்த அம்மாள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பையன் பிளஸ் டூ படிக்கிறான். துவைக்கப் போடும்போது சட்டைப் பையில தீப்பெட்டி இருந்தது டாக்டர்" என்றார்.

பொடி இல்லை என்று சொல்லிவிட்டு, கணவரின் போன் நம்பரை வாங்கிக்கொண்டேன். அவருக்கு முதலில் தகவல் சொல்லிவிடுங்கள், அவர் சம்மதித்தால்தான் பேசுவேன் என்றேன். இரண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டார். இன்று உங்களுக்கு நான் சொல்லப்போவது, அடுத்த பத்து வாரம் போனிலேயே நாங்கள் நடத்திய பாடத்தைத்தான். அவருடைய அனுமதியோடு எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்றார். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது.

போனில் வைத்தியமா?

எனக்கும் முதலில் தயக்கம்தான். நாடி பார்க்காமல், நாக்கைப் பார்க்காமல் என்ன வைத்தியம்? ஆனால் யோசித்துப் பாருங்கள். என் அறையில் உட்கார்ந்திருக்கும்போது யாருக்கும் தம் அடிக்கத் தோன்றுவதில்லை. "சத்தியமா விட்டுடறேன் டாக்டர்" என்று எழுந்து போவார்கள். பஸ் ஸ்டாண்டுப் பெட்டிக் கடையைத் தாண்டும்போதுதான் அந்தச் சத்தியத்துக்குச் சோதனை. சாப்பாடு முடிந்தவுடன், மேலதிகாரி திட்டியவுடன், ராத்திரி தனியாகப் பால்கனியில் நிற்கும்போது… அங்கேதான் ஆசை பிறக்கிறது. அங்கே நான் இருக்க முடியாது. போன் இருக்கும். சிகரெட் பாக்கெட் எந்தப் பையில் இருக்கிறதோ, அதற்குப் பக்கத்துப் பையில்தான் போனும் இருக்கிறது!

முதல் போனில் அவர் கேட்ட கேள்வி என்னை மடக்கிவிட்டது.

"சித்த வைத்தியத்துல எதையும் அடக்கக் கூடாதும்பாங்களே டாக்டர். அடக்கினா நோய் வரும்பீங்க. இதை மட்டும் எப்படி அடக்கச் சொல்றீங்க?"

நல்ல கேள்வி. சித்த மருத்துவத்தில் பதினான்கு வேகங்கள் என்று ஒரு பாடம் உண்டு. அபான வாயு, தும்மல், சிறுநீர், மலம், கொட்டாவி, பசி, தாகம், இருமல், இளைப்பு, தூக்கம், வாந்தி, கண்ணீர், சுக்கிலம், சுவாசம். இவை உடம்பு தன் வேலைக்காகத் தானாகவே எழுப்பும் உந்துதல்கள். இவற்றை வலுக்கட்டாயமாக அடக்கினால் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு தொல்லை வரும் என்பது நாங்கள் படித்த பாடம்.

இந்தப் பதினாலில் சிகரெட் இல்லை. புகையிலை நம் நாட்டுக்குள் வந்ததே போர்ச்சுக்கீசியர் காலத்தில், ஏறக்குறைய 400 வருஷத்துக்கு முன்னால்தான். ஆனால் புகைப்பவருக்கு அது பதினைந்தாவது வேகம் மாதிரி ஆகிவிடுகிறது. பசி மாதிரி, தாகம் மாதிரி, தீர்த்தே ஆகவேண்டிய ஒன்று என்று மனசு நம்பிவிடுகிறது.

இது நிஜ வேகமா, போலி வேகமா என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை இருக்கிறது. சிறுநீர் முட்டுகிறது, போகவில்லை. என்ன ஆகும்? நேரம் ஆக ஆக முட்டல் கூடிக்கொண்டே போகும். போனால்தான் தீரும். ஆனால் தம் ஆசை அப்படி இல்லை. எழும்பும், உச்சிக்குப் போகும், பிறகு நீங்கள் ஒன்றுமே செய்யாவிட்டாலும் தானே இறங்கிவிடும். பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து நிமிஷம். அவ்வளவுதான் அதன் ஆயுசு!

"அப்படியா? எனக்குக் குறையற மாதிரியே தெரியலையே" என்றார் அவர்.

எப்படித் தெரியும்? இருபது வருஷமாக ஒரு தடவைகூட அவர் அதைக் கடைசி வரை பார்த்ததில்லை. இடைவேளையிலேயே தியேட்டரை விட்டு எழுந்து போகிறவருக்கு, படம் எப்படி முடியும் என்று எப்படித் தெரியும்?

எனவே அவருக்கு நான் சொன்னது இதுதான்: அடக்கவும் வேண்டாம், அடங்கவும் வேண்டாம். உட்கார்ந்து வேடிக்கை பாருங்கள்.

உள்ளே என்ன நடக்கிறது?

இழுத்த புகையிலுள்ள நிகோடின், பத்து இருபது வினாடிக்குள் மூளையைத் தொட்டுவிடுகிறது. அங்கே டோபமைன் என்ற ரசாயனம் சுரக்கிறது. "ஆஹா" என்று ஒரு சின்ன சுகம். இரண்டு மணி நேரத்தில் ரத்தத்திலுள்ள நிகோடின் பாதியாகிவிடும். உடனே கை பரபரக்கும், மனசு எரிச்சல்படும். அடுத்த சிகரெட் அந்த எரிச்சலைத் தணிக்கும். "டென்ஷனைக் குறைக்கத்தான் டாக்டர் பிடிக்கிறேன்" என்பார்கள். அந்த டென்ஷனில் பாதி, போன சிகரெட் விட்டுச் சென்றது!

இது பாதிக் கதைதான். மீதிப் பாதி பழக்கம். காபி டம்ளர், சாப்பிட்ட வாழை இலை, பைக் சாவி, சண்டை… இவை ஒவ்வொன்றும் மூளைக்கு ஒரு மணியடிப்பு. மணி அடித்தால் கை தானாகப் பாக்கெட்டுக்குப் போகிறது. நினைப்பே இல்லாமல்! பதினாறு சிகரெட்டில் எத்தனையை நீங்கள் தெரிந்து பிடித்தீர்கள் என்று கேட்டால், நிறையப் பேருக்குப் பதில் தெரியாது.

தெரியாமல் நடப்பதைத் தெரிந்து பார்ப்பதற்குத்தான் ஆங்கிலத்தில் மைண்ட்ஃபுல்னெஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நாம் முழுக்கவனம் என்று சொல்லிக்கொள்ளலாம். புத்தமதத் தியான முறைகளிலிருந்து எடுத்து, ஜான் கபாட்-ஸின் என்பவர் 1979-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் நோயாளிகளுக்குக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார். குடி, புகை போன்ற பழக்கங்களுக்கு இதைப் பொருத்தியவர்களில் முக்கியமானவர் ஆலன் மார்லட் என்ற உளவியல் அறிஞர். ஆசையைக் கடல் அலை போல நினைத்து, அதை எதிர்த்து நிற்காமல் அதன் மேலேயே மிதந்து கரை சேருங்கள் என்பது அவர் வழி.

முதல் வாரம்: விடவே வேண்டாம்!

"எப்ப டாக்டர் நிறுத்தணும்?" என்றார் நம்மவர்.

"இந்த வாரம் ஒண்ணுகூட குறைக்க வேண்டாம் தம்பி. ஒவ்வொண்ணுக்கும் முன்னால மணி என்ன, எங்க நிக்கறீங்க, மனசு எப்படி இருக்குன்னு மட்டும் ஒரு சின்ன நோட்டுல எழுதுங்க."

ஞாயிற்றுக்கிழமை போனில் படித்துக் காட்டினார். பதினாறில் நான்கு "சும்மா" என்று எழுதியிருந்தார். மூன்று, மனைவியோடு போனில் பேசி முடித்தவுடன்! அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. மனைவி தினமும் ராத்திரி ஒன்பது மணிக்குக் கூப்பிட்டு, "இன்னிக்கு எத்தனை?" என்று கேட்பார். அந்தக் கேள்வி முடிந்ததும் பால்கனிக்குப் போவார்.

இந்த இடத்தில் வீட்டில் இருக்கும் பெண்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் கவலை நியாயம். ஆனால் எண்ணிக்கை கேட்பது, பாக்கெட்டைச் சோதிப்பது, சட்டையை முகர்ந்து பார்ப்பது, இதெல்லாம் மேலும் ஒன்றைப் பற்றவைக்கும் மணியடிப்பாகவே ஆகிவிடும். அந்த அம்மாளிடம், "ஒரு மாசம் அந்தக் கேள்வி மட்டும் கேட்காதீங்கம்மா. மத்தது எல்லாம் பேசுங்க" என்று சொன்னேன். முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. "கேக்காம விட்டா அதிகமாயிடாதா?" என்றார். பிறகு ஒப்புக்கொண்டார்.

இரண்டாவது வாரம் ஒரு விசித்திரமான பாடம். போனில் நான் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் ஒரு சிகரெட் பிடிக்க வேண்டும். வேறு எந்த வேலையும் செய்யாமல், மெதுவாக. "இழுக்கறதுக்கு முன்னால மூக்குகிட்ட வெச்சு மோந்து பாருங்க. இப்ப இழுங்க. நாக்குல என்ன தெரியுது? தொண்டையில? விரல்ல?" பாதியில் மௌனம். பிறகு சொன்னார்: "மழையில நனைஞ்ச சாக்கு மாதிரி இருக்கு டாக்டர். இதையா இத்தனை வருஷமா…" அந்த சிகரெட்டை முழுசாகப் பிடிக்கவில்லை.

எல்லாருக்கும் இப்படி ஆகும் என்று சொல்ல மாட்டேன். இன்னொருவருக்கு நான் இதையே சொல்லிக்கொடுத்தபோது, "நல்லாத்தான் டாக்டர் இருக்கு" என்றார்! அதுவும் உண்மையான பதில்தான். பார்த்ததைச் சொல்வதுதான் பாடம். அருவருப்பு வரவழைப்பது அல்ல.

அலையைப் பார்ப்பது எப்படி?

இதுதான் முக்கியமான பகுதி. நிதானமாகப் படியுங்கள். ஆசை இல்லாத வேளையில் இரண்டு தடவை பழகிக்கொண்டால், ஆசை வரும் வேளையில் கை கொடுக்கும்.

தம் அடிக்கத் தோன்றுகிறது. முதலில் மனசுக்குள், "வந்தாச்சு" என்று சொல்லுங்கள். வீட்டு வாசலில் ஓர் ஆள் வந்து நின்றால், "யாரு, நீங்களா?" என்போமே, அப்படி. திட்ட வேண்டாம். விரட்ட வேண்டாம். உள்ளே கூப்பிட்டுச் சாப்பாடு போடவும் வேண்டாம். கடிகாரத்தை ஒரு தடவை பார்த்து நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, இந்த ஆசை உடம்பில் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். மனசில் இருக்கிறது என்று சொல்லிவிடாதீர்கள். தேடினால் இடம் கிடைக்கும். சிலருக்குத் தொண்டைக் குழியில் ஓர் இழுப்பு. சிலருக்கு வாயில் எச்சில் ஊறும். மார்புக்கு நடுவில் ஒரு காலி இடம் போல இருக்கும். வலது கையின் இரண்டு விரல்களில் ஒரு குறுகுறுப்பு. நம் ஐதராபாத்காரருக்குத் தாடையில்! பல்லைக் கடித்துக்கொண்டிருப்பதை அன்றைக்குத்தான் கவனித்தாராம்.

இடம் கிடைத்ததும் அங்கேயே கவனத்தை வையுங்கள். அது சூடாக இருக்கிறதா, இறுக்கமா, துடிப்பா? பெரிதாகிறதா, இடம் மாறுகிறதா? பார்ப்பதற்கு ஒரு சொல் கொடுங்கள். "இறுக்கம்… இறுக்கம்… எச்சில்… கொஞ்சம் எரிச்சல்… இப்போ தொண்டை…" என்று மனசுக்குள் முணுமுணுத்துக்கொண்டே இருங்கள். கிரிக்கெட்டுக்கு ரேடியோவில் வர்ணனை சொல்வார்களே, அந்த மாதிரி. ஆட வேண்டாம், வர்ணனை மட்டும்.

மூச்சை அதன் போக்கில் விடுங்கள். அடக்குவது, எண்ணுவது எதுவும் தேவையில்லை. பிராணாயாமம் தெரிந்தவர்கள் அதை வேறு நேரத்தில் செய்யலாம். இது அது இல்லை. மனசு வேறு எங்காவது ஓடினால், ஓடியது என்று தெரிந்த உடனே திரும்பி வாருங்கள். நூறு தடவை ஓடினாலும் பரவாயில்லை. திரும்பி வருவதுதான் பயிற்சி.

ஒரு கட்டத்தில், "இதுக்கு மேல முடியாது" என்று தோன்றும். அதுதான் உச்சி. அங்கேதான் இத்தனை வருஷமும் தீக்குச்சி கிழித்திருக்கிறீர்கள். இன்னும் ஒரு நிமிஷம் வர்ணனையைத் தொடருங்கள். பிறகு கடிகாரத்தைப் பாருங்கள்.

நின்றுகொண்டு செய்யலாம். ஆபீஸ் நாற்காலியில் கண்ணைத் திறந்தபடியே செய்யலாம். வண்டி ஓட்டும்போது மட்டும் செய்யாதீர்கள், ஓரமாக நிறுத்திவிட்டுச் செய்யுங்கள்.

இந்த வார்த்தைகளையே என் குரலில் ஐந்து நிமிஷம் பதிவு செய்து அவருக்கு அனுப்பினேன். ஆசை வந்தால் காதில் மாட்டிக்கொண்டு கேட்பார். மூன்றாம் வாரக் கடைசியில், "டாக்டர், நாலு நிமிஷம் பத்து செகண்ட்! இறங்கிடுச்சு!" என்று கூப்பிட்டுக் கத்தினார். ஒரு குழந்தைக்குச் சைக்கிள் ஓட்ட வந்த சந்தோஷம் அந்தக் குரலில். அதற்கு அடுத்த திங்கட்கிழமையை நிறுத்தும் நாளாக அவரே குறித்தார்.

காபி, காலைக் கடன், இருமல்

நிறுத்தியபின் வரும் சில தொந்தரவுகளை முன்கூட்டியே சொல்லாவிட்டால், "விட்டதும்தான் உடம்பு கெட்டுச்சு" என்று மறுபடி ஆரம்பித்துவிடுவார்கள்.

முதலாவது காபி. இது படித்தவர்களுக்கே தெரியாத சங்கதி. சிகரெட் புகையிலுள்ள தார்ப் பொருள்கள் கல்லீரலை முடுக்கிவிட்டு, காபியிலுள்ள கஃபீனை வேகமாகக் கழிக்க வைக்கின்றன. சிகரெட்டை நிறுத்தியதும் கல்லீரல் பழைய வேகத்துக்கு வந்துவிடும். அதே மூன்று டம்ளர் டிகாக்ஷன் காபி, இப்போது ஐந்தாறு டம்ளர் குடித்த மாதிரி வேலை செய்யும். படபடப்பு, கை நடுக்கம், ராத்திரி தூக்கமின்மை. இதை சிகரெட் ஏக்கம் என்று தப்பாக எடுத்துக்கொள்வார்கள். விடும் நாளிலிருந்தே காபியைப் பாதியாகக் குறையுங்கள். சில மாத்திரைகளுக்கும் இதே கதை உண்டு. ஆஸ்துமாவுக்குத் தியோஃபிலின், மனநோய்க்குக் குளோசபின் போன்றவை சாப்பிடுபவர்களும், சர்க்கரைக்கு இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும், புகையை நிறுத்தப் போவதைத் தங்கள் மருத்துவரிடம் முதலில் சொல்லிவிட வேண்டும். அளவை மாற்ற வேண்டியிருக்கலாம்.

இரண்டாவது, "காலையில ஒண்ணு பத்த வெச்சாத்தான் டாக்டர் போகுது" என்கிற பிரச்னை. நிகோடின் குடலையும் தூண்டுகிறது. அது நின்றதும் சில வாரம் மலச்சிக்கல் வரும். சித்த மருத்துவன் என்ற முறையில் இங்கேதான் எனக்கு வேலை! காலையில் எழுந்ததும் இரண்டு டம்ளர் வெந்நீர், ராத்திரி பப்பாளி அல்லது இரண்டு வாழைப்பழம், மதியம் கீரை. இது போதாவிட்டால் திரிபலா சூரணம் அரை டீஸ்பூன் படுக்கும் முன் வெந்நீரில். ஏற்கெனவே வேறு மருந்து சாப்பிடுபவர்கள் கேட்டுக்கொண்டு சாப்பிடுங்கள். மலத்தை அடக்கக் கூடாது என்பது பதினாலு வேகத்தில் வருவது, நினைவிருக்கட்டும்.

இருமல் சிலருக்கு முதல் சில வாரங்களில் கூடும். மூச்சுக்குழாயில் சளியைப் பெருக்கித் தள்ளும் நுண்ணிய மயிர்கள் மறுபடி வேலை செய்ய ஆரம்பித்திருக்கின்றன, அதனால்தான். அதிமதுரத்தை ஒரு துண்டு வாயில் அடக்கிக்கொள்ளலாம், ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் மட்டும் வேண்டாம். அவர்களுக்கு ஏலக்காய் போதும். ஒரு மாதத்துக்கு மேல் இருமல் நீடித்தாலோ, சளியில் ரத்தம் கண்டாலோ வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். நெஞ்சில் அழுத்தம், இடது கையிலோ தாடையிலோ பரவும் வலி, வியர்வை… இவற்றையெல்லாம் "அலை" என்று வேடிக்கை பார்த்துக்கொண்டு உட்காரக் கூடாது. உடனே ஆஸ்பத்திரி!

பத்தொன்பதாம் நாள்

நிறுத்திய முதல் மூன்று நாள் கஷ்டம். ஒரு வாரம் எரிச்சல். அதெல்லாம் எதிர்பார்த்தபடி கடந்துவிட்டார். பத்தொன்பதாம் நாள்தான் விழுந்தார்.

அன்று ராத்திரி மனைவி, இத்தனை நாள் மறைத்து வைத்திருந்த தீப்பெட்டி விஷயத்தைச் சொல்லிவிட்டார். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. அவர் நன்றாகத் தேறி வருகிறாரே, பையனைக் கூப்பிட்டு இரண்டு வார்த்தை சொல்லட்டும் என்றுதான். இவர் போனை வைத்துவிட்டு இறங்கிப் போய் ஒரு பாக்கெட் வாங்கி, ஐந்து சிகரெட் அடுத்தடுத்துப் பிடித்துவிட்டார். மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டபோது குரலே இல்லை.

"என்னாலதான் டாக்டர் அவன் கெட்டான். நான் எல்லாம் விட்டு என்ன ஆகப் போகுது?"

பயமுறுத்தினால், குற்ற உணர்ச்சி வந்தால் மனுஷன் திருந்துவான் என்று நாம் எல்லாரும் நம்புகிறோம். நானும் வெகுநாள் அப்படித்தான் நம்பி, நுரையீரல் படத்தைக் காட்டி மிரட்டியிருக்கிறேன். புகைப்பவருக்குக் குற்ற உணர்ச்சியும் ஒரு வேதனைதான். வேதனை வந்தால் அவர் கை எங்கே போகும் என்று உங்களுக்குத் தெரியும்!

"ஐந்து பிடிச்சீங்க. சரி. ஆறாவது ஏன் பிடிக்கலை?" என்று கேட்டேன்.

யோசித்தார். "தலை சுத்துச்சு. அப்புறம் தாடை இறுகியிருந்ததைக் கவனிச்சேன். பாக்கெட்டைக் கீழ போட்டுட்டேன்."

கவனம் திரும்பியிருக்கிறது பாருங்கள். தாமதமாக வந்தது, ஆனாலும் வந்தது. பதினெட்டு நாளை ஒரு ராத்திரி அழித்துவிடாது என்று சொல்லி, அந்த வெட்கத்தையும் உடம்பில் எங்கே இருக்கிறது என்று தேடச் சொன்னேன். வயிற்றில் கல் மாதிரி என்றார். அதையும் ஐந்து நிமிஷம் இரண்டு பேருமாகப் பார்த்தோம். போனில் பேச்சே இல்லை, மூச்சுச் சத்தம் மட்டும்தான். அன்று மாலையே இருபதாம் நாள் கணக்கு தொடங்கியது. அடுத்த மாதம் ஊருக்கு வந்தபோது பையனுக்கு உபதேசம் ஏதும் செய்யவில்லை. தான் எழுதிய நோட்டை மட்டும் அவனிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கிறார். இதை எழுதும்போது எட்டு மாதம் ஆகிறது, அவர் பிடிக்கவில்லை. பையன் விஷயம் முழுக்கச் சரியாகிவிட்டது என்று சொல்லிவிட மாட்டேன். அப்பாவோடு பேசுகிறான்.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது?

ஒருவர் கதையை வைத்து உங்களை நம்பச் சொல்வது சரியல்ல. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் ஜட்சன் பிரூவர் என்ற மனநல மருத்துவர் குழுவினர், நாளுக்குச் சுமார் 20 சிகரெட் பிடிக்கும 88 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2011-ல் வெளியானது. ஒரு பிரிவுக்கு நான்கு வாரத்தில் எட்டு வகுப்பு முழுக்கவனப் பயிற்சி. இன்னொரு பிரிவுக்கு வழக்கமான புகை நிறுத்தப் பயிற்சி. பதினேழாவது வாரத்தில் முதல் பிரிவில் 31 சதவீதமும், இரண்டாவதில் 6 சதவீதமும் புகை இல்லாமல் இருந்தார்கள். பிரமாதம் என்று தோன்றுகிறதல்லவா?

ஆனால் அவர்கள் குழுவே இந்தப் பாடத்தைச் செல்போன் செயலியாக்கிப் பெரிய அளவில் சோதித்தபோது, ஆறு மாத முடிவில் அந்த வித்தியாசம் காணோம். பாடம் உள்ள செயலி, பாடம் இல்லாமல் கேள்வி மட்டும் கேட்கும் செயலி, இரண்டிலும் ஏறக்குறையப் பத்தில் ஒருவர்தான் விட்டிருந்தார். ஒரு நல்ல மாறுதல் மட்டும் தெரிந்தது. பாடம் படித்தவர்களுக்கு ஆசை வந்தவுடன் கை நீள்வது குறைந்திருந்தது. 2022-ல் காக்ரேன் என்ற அமைப்பு 21 ஆய்வுகளை, எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை அலசிப் பார்த்து, இந்த முறை மற்ற முறைகளைவிட மேலானது என்பதற்குத் தெளிவான ஆதாரம் கிடைக்கவில்லை என்றுதான் எழுதியது.

பிறகு ஏன் சொல்கிறேன்? என் அனுபவத்தில் இது தனியாக நின்றால் பாதிதான் வேலை செய்கிறது. மறுமுனையில் ஒரு மனிதக் குரல், குறித்த நாளில் குறித்த நேரத்தில் தானாகவே கூப்பிட்டுக் கேட்கும் குரல் இருந்தால்தான் முழுமை. திரும்பத் திரும்பப் போனில் ஆலோசனை கிடைப்பவர்கள் அதிகமாக விடுகிறார்கள் என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. அதிகம் பிடிப்பவர்கள், படுக்கையை விட்டு எழுந்த அரை மணிக்குள் பற்றவைப்பவர்கள், நிகோடின் சூயிங்கம் போன்றவற்றையும் மருத்துவரைக் கேட்டுச் சேர்த்துக்கொள்ளலாம். அலோபதி என்பதால் நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கம்மைச் சாதாரண மிட்டாய் போல மென்று தள்ளக் கூடாது. நாலு மெல்லு மென்று, காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும். ஆசை இறங்கும்வரை அதோடு அலையையும் பார்க்கலாம்.

உங்கள் ஊரில் யாரைக் கேட்பது என்று தயங்க வேண்டாம். மத்திய அரசின் தேசிய புகையிலை நிறுத்தத் தொலைபேசிச் சேவை 2016 மே மாதம் டெல்லி வல்லபபாய் படேல் நெஞ்சக நோய் நிலையத்தில் தொடங்கியது. பிறகு பெங்களூர் நிம்ஹான்ஸ் உள்பட மேலும் மூன்று இடங்களுக்கு விரிந்தது. தமிழிலேயே பேசலாம். கட்டணம் கிடையாது. எண் 1800-11-2356. எழுதி வைத்துக்கொள்ளக்கூடத் தேவையில்லை. 2018-லிருந்து சிகரெட், பீடி, மெல்லும் புகையிலை எல்லாப் பாக்கெட்டிலும் அந்த எண்ணை அச்சடிக்கச் செய்திருக்கிறார்கள். பீடிக்கும் பான்பராக்குக்கும் ஹான்ஸுக்கும் வருகிற ஆசையும் இதே மாதிரிதான் எழும்பி இறங்கும், அவர்களும் கூப்பிடலாம்.

கூப்பிட வேண்டியவர் புகைப்பவர்தான். அவர் சார்பில் நீங்கள் பேசினால், என்னிடம் பொடி கேட்ட கதையாகிவிடும். எண்ணைத் தாளில் எழுதி, காபி டம்ளருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, வேறு வேலையைப் பாருங்கள். முதல் தடவை பேசும்போது நாளுக்கு எத்தனை, முதல் சிகரெட் எத்தனை மணிக்கு, முன்பு எப்போதாவது விட்டுப் பார்த்ததுண்டா, வேறு என்ன மருந்து சாப்பிடுகிறார் என்ற நாலு விவரத்தையும் அவர் கையில் வைத்துக்கொள்வது நல்லது. அடுத்து எந்த நாள், எந்த நேரம் பேசுவது என்பதையும் அதே அழைப்பில் கேட்டுக்கொள்ளட்டும்.